உப்புக்கு ஒன்று, மழைக்கு ஒன்று

ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் நான் டைப்பிஸ்டாக இருந்தபோது, என் எடையை நாளுக்கு இரண்டு முறை பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலம் உண்டு. தோல் ஷாப் என்றால் தோல் பதனிடும் தொழிற்சாலை. எங்கள் பக்கத்தில் யாரும் அதை அப்படி நீட்டி முழக்க மாட்டார்கள். பச்சைத்தோல் வந்து இறங்கும் கொட்டகையில் ஒரு மேடைத் தராசு நின்றது. காலையில் சங்கு ஊதுவதற்கு முன்னால் ஒரு முறை, சாயங்காலம் எல்லாரும் போன பிறகு ஒரு முறை, செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி நிற்பேன். இதை இப்போது சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது. அப்போது உயிர் தொண்டைக்குழியில் நின்றது.

எனக்கு இயல்பிலேயே இருப்புக்கொள்ளாது. குடியாத்தத்தில் நெசவுக்காரர் வீட்டில் பிறந்துவிட்டு, தறிக்குழியில் உட்கார முடியாமல்தான் டைப் அடிக்கப் படித்தேன். அங்கேயும் உட்காரத்தான் வேண்டும் என்பது வேலையில் சேர்ந்த பிறகுதான் உறைத்தது. மேஜைக்கு அடியில் கால் ஆடிக்கொண்டே இருக்கும். மேனேஜர் இரண்டு முறை கூப்பிட்டுக் கண்டித்தும் நிற்கவில்லை.

என் அண்ணன் அப்படி இல்லை. தறியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். அவனுக்கு டீபி என்று எங்களுக்குத் தெரிந்தது இருமலால் அல்ல. இருமாத நெசவாளி உண்டா? அவன் அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்காமல் தொடைக்கு இறங்கியது. அம்மா அதை இறுக்கி முடிச்சுப் போட்டாள். பத்து நாளில் மறுபடி இறங்கியது. மூன்றாவது முடிச்சுக்குப் பிறகு அவன் இல்லை. அன்றிலிருந்து இளைப்பது என்றால் சாவது என்று என் மனத்தில் பதிந்துவிட்டது. குளிக்கும்போதெல்லாம் என் கை தானாக இடுப்புக் கயிற்றைத் தொட்டுப் பார்க்கும்.

ஆம்பூருக்கு வந்து இரண்டாம் வருஷம் ஆடி மாதத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, இருமல் போகவில்லை. கல்யாணமாகி எட்டு மாதக் கைக்குழந்தை வீட்டில் இருந்தது, பெண் குழந்தை. யாருக்கும் சொல்லாமல் கடைத்தெருவில் இருந்த ஒரு டாக்டரிடம் போனேன். முதுகிலும் நெஞ்சிலும் குழலை வைத்துக் கேட்டார். ஒன்றும் இல்லை என்றும் சொல்லவில்லை, இருக்கிறது என்றும் சொல்லவில்லை.

"காலைல ஒரு மைல் நட. வயிறு காயாம சாப்பிடு. ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கு. வாரத்துக்கு ஒரு தடவ எட பாரு, எங்கிட்ட தராசு இல்ல, எங்கியாவது பாத்துக்கோ. ஏறிச்சுன்னா பயமில்ல. எறங்கிச்சுன்னா ஒடனே வா, வேலூருக்கு எழுதித் தர்றேன், எக்ஸ்ரே படம் எடுத்துப் பாத்துரலாம்" என்றார்.

நான்கே நான்கு சொன்னார். இந்த வயதில் திரும்பிப் பார்த்தால், காலையில் எழுந்து உடம்பை வருத்துகிற எவனுக்கும் இதற்கு மேல் ஒரு புத்திமதி கிடையாது என்றுதான் தோன்றுகிறது. அதில் ஒன்றைக்கூட நான் அவர் சொன்னபடி செய்யவில்லை. ஒரு மைல் என்றால் எனக்கு நான்கு மைல். வாரத்துக்கு ஒரு முறை என்றால் நாளுக்கு இரண்டு முறை. தூக்கத்தை மட்டும் குறைத்துக்கொண்டேன், ஓட நேரம் வேண்டுமே.

பாலாற்று மணலில் விடியற்காலையில் சிலர் தேகப்பயிற்சி செய்வார்கள். நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். தண்டால், பஸ்கி, பிறகு மணலில் ஓட்டம். ஈர மணலில் ஓடுவது வேறு, காய்ந்த மணலில் ஓடுவது வேறு. காய்ந்த மணல் கெண்டைக்கால் சதையைப் பிடித்து இழுக்கும். முதல் நாளே ஐம்பது தண்டால் எடுத்துவிட்டு, மறுநாள் டைப் மிஷினில் கை தூக்க முடியாமல், "Dear Sirs" என்பதை நான்கு முறை தப்பாக அடித்தேன். பத்தில் ஆரம்பித்து வாரத்துக்கு இரண்டு கூட்டியிருந்தால் போதும். அந்த நிதானம் எனக்கு இருந்திருந்தால் நான் தறியிலேயே உட்கார்ந்திருப்பேனே.

மணலில் தண்டாலைவிடப் புத்திமதிதான் ஜாஸ்தி. ஒருவர் பச்சை முட்டையை உடைத்து அப்படியே வாயில் ஊற்றச் சொன்னார். இன்னொருவர் முட்டை சூடு, கேழ்வரகுக் கூழ்தான் சத்து என்றார். ஓட்டத்துக்கு நடுவே தண்ணீர் குடித்தால் நெஞ்சில் கோத்துக்கொள்ளும் என்று ஒருவர் சத்தியம் செய்தார்; அதை நம்பி ஒரு நாள் கண் இருட்டி மணலில் உட்கார்ந்தேன். நான் யார் சொன்னதையும் விடவில்லை. விடிந்தால் முட்டை, பிறகு கூழ், பத்து மணிக்கு வேர்க்கடலை, சம்பள வாரத்தில் பாய் ஹோட்டலில் ஆட்டுக்கால் பாயா. வயிறு உப்பிக்கொண்டு ராத்திரியில் புரளுவேன். உடம்பு ஒரு நேரத்தில் வாங்கிக்கொள்கிற அளவுக்குத்தான் வாங்கும், மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் தின்றேன்.

தராசு முதல் நாள் நூற்று ஆறு ராத்தல் காட்டியது. அப்போது கிலோ வரவில்லை, ராத்தல் என்கிற பவுண்டுதான். என் உயரத்துக்கு நூற்று ஆறு கம்மி என்று எனக்கே தெரியும். தராசின் இரும்புக் கோலில் எண்கள் வெட்டியிருக்கும், ஒரு குண்டை நகர்த்திக் கோல் சமமாக நிற்கும் இடத்தில் படிக்க வேண்டும். கோலின் நுனியில் தோல் வாரால் கட்டிய ஓர் இரும்பு வளையம் தொங்கியது. அது தராசோடு பிறந்தது என்று நினைத்தேன். டைப் மிஷினில் எதற்கென்று தெரியாத எத்தனை திருகுகள் இல்லையா?

ஆவணி முழுவதும், புரட்டாசி முழுவதும் ஏறியது. நூற்று ஏழு. நூற்று எட்டு. ஒரு வியாழக்கிழமை காலையில் நூற்று ஒன்பது. இருமல் எப்போது நின்றது என்றே நினைவில்லை. அந்த நாட்களில் எனக்கு இன்னொரு தேகப்பயிற்சியும் இருந்தது. மணலிலிருந்து வந்ததும் பெண்ணை இரண்டு கையாலும் தலைக்கு மேலே பத்து முறை தூக்கி இறக்குவேன். ஒவ்வொரு தூக்கலுக்கும் அவள் கெக்கே கெக்கே என்று சிரிப்பாள். பத்து முடிந்து கீழே விட்டால் மறுபடி கையைத் தூக்குவாள். "போதும், பால் கக்கிருவா" என்று என் மனைவி பிடுங்கிக்கொண்டு போகும் வரை நடக்கும்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. அந்த வியாழனுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, ஷாப் லீவு. அடுத்த இரண்டு நாள் வெளியே தலைகாட்ட முடியவில்லை, எடை பார்க்கவில்லை. மூன்றாம் நாள் தராசில் ஏறினேன். நூற்று ஐந்து.

குண்டைத் திரும்பவும் நகர்த்தினேன். இறங்கி மறுபடி ஏறினேன். நனைந்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஏறினாலும் நூற்று ஐந்தரைதான். நான்கு நாளில் நான்கு ராத்தல். அண்ணனுக்குக்கூட இவ்வளவு வேகமாக இறங்கியிருக்காது என்று நினைத்தேன். அங்கேயே உப்பு மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன். வெட்கப்பட ஒன்றும் இல்லை, அழத்தான் செய்தேன்.

டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டும். இறங்கினால் உடனே வா என்றுதானே சொன்னார்? போகவில்லை. போனால் வேலூர், வேலூர் என்றால் படம், படத்தில் தெரிந்துவிட்டால் அப்புறம் அது உண்மையாகிவிடும். ரயில் நிலையத்தில் இன்னொரு தராசு இருந்தது, அதிலும் ஏறிப் பார்க்கவில்லை. அதுவும் அதையே சொல்லிவிட்டால் என்ன செய்வது? அதற்குப் பதிலாக, இன்னும் நான்கு ராத்தலை ஓடியே சம்பாதித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஓடினால் எடை கரையும் என்ற சின்ன விஷயம் அந்தப் பயத்தில் புத்திக்கு எட்டவில்லை. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதால் ரயில் பாதை ஓரமாக மழையில் ஓடினேன். நூற்று நான்கு ஆயிற்று. இன்னும் ஓடினேன். நூற்று மூன்று.

வீட்டில் என் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். நானே கழுவினேன். கூடத்தில் ஜன்னலோரம் தனியாகப் படுத்தேன். குழந்தையைத் தொடவில்லை. அண்ணன் மடியில் வைத்துக் கொஞ்சிய பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று பிறகு இருமி இருமி இறந்தது எனக்கு நினைவிருந்தது. காலையில் நான் உள்ளே நுழைந்ததும் என் பெண் இரண்டு கையையும் தூக்குவாள். நான் துண்டால் முகத்தைத் துடைப்பது போலக் கொல்லைப் பக்கம் போய்விடுவேன். முதலில் அழுதாள். பிறகு சிணுங்கினாள். ஒரு வாரம் பத்து நாளில் கையைத் தூக்குவதை நிறுத்திவிட்டாள். அதைப் பார்த்து நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புக்காக இன்றைக்கும் என்னை நான் மன்னிக்கவில்லை.

மனைவியிடம் சொல்லவில்லை. அண்ணன் இறந்த பிறகு அண்ணி வெள்ளைப் புடவையோடு பிறந்த வீட்டுக்குப் போனதைப் பார்த்தவன் நான். இவளிடம் என்னவென்று சொல்வது? அவளோ ஒரு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தாள். கார்த்திகையில் ஒரு காலை, ஈரத்தோடு ஓட்டத்திலிருந்து வந்து நின்றேன். அவள் அடுப்படியிலிருந்து திரும்பாமலேயே கேட்டாள்.

"உங்க அம்மா சொன்னது மனசுல பூந்துக்குச்சா?"

"எது?"

"அடுத்ததாவது பையனா இருக்கட்டும்னு சொன்னாங்களே, அது. பொண்ணுன்னுதானே தூக்க மாட்டேங்கிறீங்க? என் கையால தண்ணி குடிக்கக்கூட அருவருப்பா இருக்குது இல்ல? தனி டம்ளரு, தனித் தட்டு. நான் இன்னா பண்ணேன்? சொல்லுங்க, நான் குடியாத்தத்துல எங்க அம்மா வீட்டுக்கே போய்டறேன்."

குரல் நடுங்கவில்லை. அதுதான் என்னை அடித்தது. பல நாளாக மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய பேச்சு அது. "அப்படி இல்ல" என்று மட்டும் சொன்னேன். "பின்ன எப்படி?" என்றாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு, சாப்பிடாமல், சங்கு ஊத இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போதே தோல் ஷாப்புக்குப் போய்விட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கேயாவது போய்க்கொண்டே இருப்பது ஒன்றுதான்.

நேராகத் தராசில் ஏறினேன். நூற்று மூன்று. இறங்கவில்லை, நின்றுகொண்டே இருந்தேன். எடை போடுகிறவன் அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டான். என் வயதுக்காரன், உருதுவும் தமிழும் கலந்து பேசுகிற தமாஷ் ஆள். நான் உடம்பு ஏற்றுகிறேன் என்று தெரிந்து, என்னைப் பார்க்கும்போதெல்லாம் புஜத்தை மடக்கிக் காட்டிக் கேலி செய்வான்.

"இன்னா பைல்வான், காலைலயே தராசு மேல ஏறி நமாஸா?" என்றான்.

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "செத்துக்கிட்டு இருக்கிறவனைப் பாத்து சிரிக்காதடா" என்று கத்தினேன். கத்திவிட்டுக் கொட்டிவிட்டேன். டாக்டர், அண்ணன், மழை, நான்கு நாளில் நான்கு ராத்தல், குழந்தை, எல்லாவற்றையும். அவன் சிரிப்பு நின்றது. பீடியைக் காதில் சொருகிக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"எந்தத் தராசுல பாத்த? இதுலயா?"

"இதுலதான்."

"மழைக்கு அப்புறம் நாலு கொறஞ்சுதா?"

"ஆமா."

அவன் கோலின் நுனியைக் கையில் பிடித்துக் காட்டினான். தோல் வாரில் இப்போது இரண்டு வளையங்கள் தொங்கின. நாற்பது நாளாக என் மூக்குக்கு நேரே தொங்கியவை.

"இது உப்புக்கு ஒண்ணு, இது மழைக்கு ஒண்ணு. தோல்ல உப்பு ஒட்டிக்கினு வரும் இல்ல? அதுக்கு நாலு ராத்தல் கழிவு, இந்த வளையம் தொங்கினா கோல் நாலு கொறச்சே காட்டும், இது எப்பவும் தொங்கும். மழை வந்தா தோலு தண்ணி குடிச்சிரும், அதுக்கு இன்னொரு நாலு. மழை புடிச்சு ஷாப் தொறந்த அன்னிக்கு நான்தான் மாட்னேன். தோல் கொண்டாறவன், வாங்கறவன், அல்லாருக்கும் தெரியும். கட்டுக்கட்டா போடறதுல கழிச்சிக்க அது. அட பைத்தியமே, இது தோல் நிறுக்கற தராசு, ஆள் நிறுக்கற தராசு இல்ல."

இரண்டு வளையங்களையும் கழற்றி உப்பு மூட்டை மேல் வைத்தான். கோல் தடாலென்று ஆடியது. குண்டை நகர்த்தினான். நூற்றுப் பதினொன்று.

ஆடியில் நான் அங்கே முதலில் ஏறியபோது என் உண்மையான எடை நூற்றுப் பத்து. வியாழக்கிழமை நூற்று ஒன்பது என்று குதித்த அன்று நூற்றுப் பதின்மூன்று. நான் இளைத்தது மொத்தமே இரண்டு ராத்தல், அதுவும் சாகாமல் இருப்பதற்காக மழையில் ஓடி ஓடி நானே கரைத்தது. நான் நெசவுக்காரன் மகன். மழை நாளில் நூல் கனக்கும், அதை அப்படியே நிறுத்து வாங்கக் கூடாது என்று பால்குடி வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். தோலும் அப்படித்தான் இருக்கும் என்று ஒரு நொடி தோன்றவில்லை பாருங்கள்.

அவன் என்னைப் பிடித்து உலுக்கினான். "இன்னா பாத்துக்கினு நிக்கிற? ஊட்டுக்குப் போ. மேனேஜர்கிட்ட பேஜார் இல்லாம நான் பேசிக்கிறேன்."

ஓடினேன். அந்த நான்கு மாதத்தில் நான் ஓடிய உருப்படியான ஓட்டம் அது ஒன்றுதான். மனைவி பெட்டியைத் திறந்து குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவள் மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள். அரைஞாண் கயிறு வந்த இடத்தில் நிறுத்தினாள். வளையம் வந்த இடத்தில் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்கும் ஒட்டிக்கும்னு நெனச்சீங்களா, விட்டுட்டுப் போய்டுவேன்னு நெனச்சீங்களா? எதுக்கு எங்கிட்ட சொல்லல?" என்றாள். பிறகு, "நாளுக்கு ரெண்டு தரம் உங்க எடைய பாத்தீங்களே, இவ எடை எவ்ளோ ஏறியிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

தெரியாது. என் பெண் கூடத்தில் இருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிற்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டு எட்டில் போய், பழையபடி தலைக்கு மேலே தூக்கினேன். வீறிட்டாள். என் சட்டையைப் பிடித்துத் தள்ளி, உடம்பை வில்லாக வளைத்து, அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டினாள். யாரோ ஓர் ஆள் வந்து தூக்கிவிட்ட மாதிரி அழுதாள். கீழே விட்டேன். என் கையில் அவள் கனம் மட்டும் நின்றது. நிறைய ஏறியிருந்தது.

அந்த வாரமே டாக்டரிடம் போய், வேலூரில் படமும் எடுத்தேன். நெஞ்சு சுத்தம் என்றார்கள். டாக்டர் தராசுக் கதையைக் கேட்டுவிட்டு, இனிமேல் வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் எடை பார்த்தால் என்னிடம் வராதே என்று திட்டினார். மழைக்காலம் முடிந்ததும் மணலுக்கு மறுபடி போனேன், ஒரு மைலோடு திரும்பினேன். இன்று வரை அந்த ஒரு மைல்தான். இப்போது எங்கள் தெருவில் காலையில் வியர்க்க வியர்க்க ஓடிவிட்டு வந்து நாளுக்கு மூன்று வேளை எடை பார்க்கிறவர்களிடம் கேட்கிறேன்: உங்கள் தராசு எதைக் கழிக்கிறது என்று தெரியுமா? கிழவனுக்கு வேறு வேலையில்லை என்று போய்விடுகிறார்கள்.

ஆனால் டாக்டர் சரி என்று எழுதிக் கொடுத்ததற்கும் என் பெண் சரி என்று சொன்னதற்கும் நடுவே எட்டு நாள் இருந்தது. நான் கையை நீட்டினால் அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைப்பாள். நான் எழுந்து போய், பொம்மை வாங்கி வந்து, கைதட்டி, பாடி, கூடத்தில் அங்கும் இங்குமாக அலைந்தேன்.

"கொஞ்சம் சும்மா உக்காருங்க. நீங்க தொரத்துனா வர மாட்டா. உக்காருங்க, அவளே வருவா" என்றாள் மனைவி. பெட்டியிலிருந்து துணிகளை எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டிருந்தாள். கோபம் மட்டும் இன்னும் போகவில்லை.

அதனால் தினமும் சாயங்காலம் ஷாப்பிலிருந்து வந்து, கூடத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கால் ஆடியது. கையால் முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். தண்டால், பஸ்கி, நான்கு மைல் ஓட்டம், இதெல்லாம் ஒன்றுமே இல்லை. என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான தேகப்பயிற்சி அந்த எட்டு நாள் அசையாமல் உட்கார்ந்ததுதான். எட்டாம் நாள் அவள் சுவரை விட்டாள். தவழ்ந்து வந்து, என் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்று, என் முகத்தை வெகு நேரம் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் தூக்கினாள்.